வண்டிலேறிய வீடு

மத்தியதரைக் கடலிலுள்ள சிசிலி, கிறீற் முதலிய தீவுகளை மேனாட்டார் பலர் ஒரு விநோத வாகனத்திற் சுற்றி வருகின்றனர். படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் அதனுள்ளேயே அமைந்திருக்கும். நின்ற இடமே வீடு. இதைப் புதுமையென நாம் வியக்கிறோம். ஆயின் வன்னி மக்களுக்கு இது பழைய வழக்கமே.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவிலுக்குச் சென்ற கூடார வண்டில்களைப் பற்றி முதியோரிடம் கேட்டுப் பாருங்கள். கிடுகு வேய்ந்த கூடாரம்; வைக்கோலின் மேல் விரித்த பாய்; அரிசி, பருப்பு, பானை, சட்டி; கீழே தொங்கியாடும் அரிக்கன் லாம்பு. குளக்கட்டில் மாடவிழ்த்து, மூன்று கல் கூட்டி உலையேற்றி, மரநிழலில் உறங்கி, மறுபடி வண்டில் பூட்டுவார்கள்.

அப்பயணத்தை இன்று ஒரு வானில் மேற்கொள்ளலாம். வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியால் வடக்கே சென்று, மாங்குளத்திற் கிழக்கே திரும்புக. அங்கிருந்து முல்லைத்தீவு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். இடையே ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோவிலைத் தரிசிக்கலாம். அதற்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவிலேதான் 1803 ஒக்டோபர் 31 இல் பண்டாரவன்னியன் ஆங்கிலேயப் படையிடம் தோல்வியுற்றான். வைகாசி, ஆனி மாதங்களாயின் பாலைப்பழம் சுவைக்கலாம். முள்ளியவளையைக் கடந்தால் நந்திக்கடற் கரையில் வற்றாப்பளை அம்மன் வீற்றிருக்கிறாள். பொங்கற் காலத்திற் கடல்நீரால் விளக்கெரிப்பது இங்குள்ள மரபு.

முல்லைத்தீவிலிருந்து பரந்தனுக்குத் திரும்பும் வீதியில் சற்று மெதுவாகச் செல்லுங்கள். வட்டுவாகல், முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு, விசுவமடு என ஊர்கள் வரும். 2009 இல் இதே வீதியால், எதிர்த்திசையில், ஆயிரமாயிரம் குடும்பங்கள் வீட்டை வண்டிலேற்றி வந்தன. உழவு இயந்திரப் பெட்டிகளிற் கூரைத் தகடு, கதவு நிலை, நெல்மூடை, அவற்றின் மேல் முதியோரும் குழந்தைகளும். நின்ற இடத்தில் அடுப்பு மூட்டினர். குண்டு விழ மறுபடி பெயர்ந்தனர். மே மாதத்தில் வட்டுவாகற் பாலத்தைக் கடந்தபோது பலரிடம் உடுத்த உடையன்றி வேறொன்றும் எஞ்சவில்லை. அப்பால் அவர்களுக்கு வாய்த்தது செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமின் கூடாரமே.

பொங்கலுக்குப் போனவர்களும் பாய், பானையுடனேதான் போனார்கள். திரும்பி வரத் தமக்கொரு முற்றம் உண்டென்று அறிந்து போனார்கள். உல்லாசப் பயணத்துக்கும் இடப்பெயர்வுக்கும் உள்ள வேறுபாடு அந்த முற்றமே. இன்று அவ்வீதியோரத்தில் மீண்டும் முற்றங்கள் பெருக்கப்படுகின்றன, மாமரங்கள் நடப்பட்டிருக்கின்றன. அவற்றைக் காணாமற் கடந்து செல்வது பயணமாகாது.

இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். அந்தி சாய்ந்தபின் காட்டோரத்தில் வாகனத்தை நிறுத்தாதீர்கள்; யானை வரும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ட நிலத்திற் கால் வையாதீர்கள். அரிசியும் காய்கறியும் தயிரும் வழியிலுள்ள சிறு கடைகளிலேயே வாங்குங்கள்.

பரந்தனிலிருந்து தெற்கே கிளிநொச்சி. அண்மையில் இரணைமடுக் குளம். மாலைக் காற்று வாங்க அதன் கட்டுக்கு நிகரில்லை. அடுத்து முறிகண்டி. அங்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, எல்லாரையும்போல நீங்களும் வீடு திரும்பலாம்.