சமதரையில் 150 கி.மீ.

மிதிவண்டிப் பயணத்தில் மலையேற்றமே கடினமானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. போட்ஸ்வானாவின் வடகிழக்கில் நாட்டாவிலிருந்து கசுங்குலா வரை செல்லும் ஏ33 நெடுஞ்சாலையில் ஒரு நாள் மிதித்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். ஏறத்தாழ 300 கி.மீ. நீளும் அச்சாலையில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை, வளைவும் அரிது. இருமருங்கும் மொப்பானே மரங்கள், முன்னே கானல். மலைக்கு ஓர் உச்சி உண்டு, அதன்பின் இறக்கமும் உண்டு. சமதரையில் அவ்விரண்டும் இல்லை. எதிர்க்காற்று வீசும் நாளில், கால் ஓய்ந்த மறுகணமே வண்டி தள்ளாடி நின்றுவிடும்.

கேப்டவுனில் புறப்பட்டு நமீபியா வழியாக ஏறத்தாழ 2,600 கி.மீ. மிதித்து வந்திருந்த ஆய்வு மாணவி ஒருத்தி, ஒரு செப்டம்பர் நாளில் அச்சாலையில் இருந்தாள். நாட்டாவுக்கு வடக்கே 50 கி.மீ. தொலைவிலுள்ள தங்குமிடத்திலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினாள். இலக்கு பண்டமடெங்கா, 150 கி.மீ. இடையில் ஊர் என்று நம்பத்தக்கது ஒன்றுமில்லை. வண்டியும் மூட்டையும் 9 லிட்டர் நீருமாக 48 கிலோ. உணவாக ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், நாட்டாவில் வாங்கிய மக்வின்யா. கோதுமை மாவைப் புளிக்கவைத்து எண்ணெயில் பொரிக்கும் உருண்டை அது; நம் இனிப்பு போண்டாவின் தூரத்து உறவு.

எட்டு மணிக்கே வடகிழக்கிலிருந்து காற்று எழுந்தது. காற்றுத் தடை சார்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்பவளை 20 கி.மீ. வேகக் காற்று நேரெதிரே தாக்கினால், தடை ஐந்து மடங்குக்கும் மேலாகிறது. இந்தக் கணக்கை அறிந்திருப்பதால் தொடைகளுக்கு எந்தப் பயனும் இல்லை.

கால்நடைத்துறையின் தடுப்பு வேலி ஒன்று சாலையை மறித்தது. கோமாரி பரவாமலிருக்க நாட்டின் குறுக்கே இழுக்கப்பட்டுள்ள வேலிகளுள் ஒன்று. வாகனங்களின் சக்கரங்களைப் போலவே அவள் மிதிவண்டியின் சக்கரங்களும் கிருமிநாசினியில் நனைந்தன, காலணிகளும் நனைந்தன. காவலிலிருந்த முதியவர், "டுமேலா, ம்மா" என்றார். 'ம்மா' என்பது வளர்ந்த பெண் எவரையும் விளிக்கும் சொல். 'அம்மா' என்று அயலாரையும் அழைத்துப் பழகிய காதுக்கு அது புதிதன்று. தொடர்ந்து, "ஓ காயே?" என்றார். நலமா என்பது கருத்து, 'எங்கே இருக்கிறாய்?' என்பது சொல்லுக்குச் சொல் பொருள். அதற்குரிய விடை 'கே தெங்', அதாவது 'இருக்கிறேன், இங்கே'. இலக்கண நூலில் பலமுறை படித்த விடைதான். அன்று அதைச் சொல்ல அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. மனம் முழுதும் இன்னும் கடக்காத தொலைவில் இருந்தது.

நண்பகலுக்குப் பிறகு உள்ளங்கைகள் மரத்தன, சுண்டுவிரல்கள் உணர்விழந்தன. புட்டிகளிலிருந்த நீர் தேநீர்ச் சூட்டை எட்டியது. செட்ஸ்வானா மொழியில் ஞாயிற்றுக்கும் நாளுக்கும் 'லெட்சாட்சி' என்ற ஒரே சொல்தான். அந்தப் பலபொருண்மையை விளக்க ஆய்வுக் கட்டுரை எதுவும் தேவையில்லை. அச்சாலையில் ஒரு பிற்பகல் போதும்.

ஆனால் களைப்பின் பெரும்பங்கு உடலிலிருந்து வரவில்லை. போட்ஸ்வானாவில் ஏறத்தாழ 1,30,000 யானைகள் உள்ளன. வடக்குப் பகுதியில் அவற்றுக்கு வேலியிட்ட எல்லை என்பது பெரும்பாலும் இல்லை. லாரிகளின் இரைச்சலுக்கு அவை பழகியவை. ஓசையின்றி வந்து அருகில் முளைக்கும் மிதிவண்டியே அவற்றைத் திடுக்கிடச் செய்யும். சினந்து துரத்தும் யானை, சுமையேற்றிய வண்டியை எளிதில் முந்திவிடும். ஆகவே ஒவ்வொரு புதரையும் பார்க்கவேண்டும். காற்றின் திசையை நினைவில் வைக்கவேண்டும். ஓயாமல் ஓசை எழுப்பவேண்டும். பாடல்கள் தீர்ந்தபின் அவள் செட்ஸ்வானாவின் பெயர்ச்சொல் வகுப்பு முன்னொட்டுகளை வாய்பாடாகக் கத்தினாள்: மோ, பா, மோ, மே, லே, மா, சே, டி. முதுகலை வகுப்பில் அவற்றை மனப்பாடம் செய்யச் சொன்ன ஆசிரியர் இப்பயன்பாட்டை எண்ணியிருக்கமாட்டார். ஒருமுறை கன்றுகளுடன் ஒரு கூட்டம் சாலையைக் கடந்தது. 40 நிமிடங்கள் காத்திருந்தாள். கூட்டம் நிழலில் நிற்க, அவள் வெயிலில் நின்றாள்.

மாலை 4.40. கடந்தது 119 கி.மீ., மீதம் 31. காற்று தணியவில்லை. ஆறேகாலுக்குள் ஞாயிறு மறையும். அந்நிலத்தில் அந்தி நீளாது. எதிரே வந்த வாகனங்கள் விளக்கைச் சிமிட்டிச் சென்றன. பின்னால், கசுங்குலாப் பாலத்தை நோக்கிச் செல்லும் ஒரு லாரி வேகம் குறைத்து நின்றது. ஓட்டுநர் இறங்கி முன்புறம் கைநீட்டி, "ட்லோ" என்றார். யானை. பிறகு பின்புறத் தட்டைத் திறந்துவிட்டு, எதுவும் பேசாமல் காத்திருந்தார்.

நெடும்பயணம் செய்யும் மிதிவண்டியாளர்களிடையே ஓர் அறம் உண்டு: தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடம் வரை ஓர் அங்குலமும் பிற ஊர்தியில் ஏறக்கூடாது. 2003 முதல் கெய்ரோவிலிருந்து கேப்டவுன் வரை நடைபெறும் டூர் டி ஆஃப்ரிக் பயணத்தில் அவ்வாறு முடிப்போருக்குத் தனி மதிப்பே உண்டு. அந்த மதிப்பு வெறுமையானதன்று. உடலை அதன் எல்லைவரை அழைத்துச் செல்ல ஏதோ ஒரு பிடிவாதம் வேண்டும். ஆயினும் அவ்வறத்தை வகுத்தவர்கள் பின்னால் உதவி வண்டிகள் வர, கூட்டமாகச் சென்றவர்கள். மாலையில் தனியே நிற்பவளுக்கும் அதுவே அளவுகோல் ஆகவேண்டுமா என்பது வேறு கேள்வி. அச்சாலையில் வாழ்வோர்க்குக் கைகாட்டி ஏறுவது தோல்வியன்று, போக்குவரத்து.

அவள் வண்டியைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். 2,600 கி.மீ. அறுபடாத ஒரு கோடு. மூட்டைகளைக் கழற்றத் தொடங்கியபோது கண்ணீர் வந்தது. ஓட்டுநர் வேறுபக்கம் திரும்பிக்கொண்டு கயிற்றை எடுத்தார்.

ஒன்பதாவது கி.மீ. அருகே, சாலையோரம் பதினொரு யானைகள் நின்றன.

பண்டமடெங்காவில் இறங்கியதும் ஓட்டுநர் வழக்கமான பேருந்துக் கட்டணத்தைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். ஒரு பூலாவும் கூடுதலில்லை, குறைவுமில்லை. பூலா என்றால் மழை. ஊரைச் சுற்றிலும் அறுவடை முடிந்த சோளக் காடுகள். மழையை நோக்கி வெடித்துக் கிடந்த கரிசல் மண். இரவு உணவுக்குச் சோளக் களியும் கீரையும் கிடைத்தன. அவள் நாட்குறிப்பில் 119 என்று எழுதி, அதன் கீழே லாரிக் கட்டணத்தைக் குறித்தாள். பிறகு சங்கிலிக்கு எண்ணெய் இட்டாள். கசுங்குலாவுக்கு இன்னும் ஏறத்தாழ 100 கி.மீ. இருந்தது.