ராத்திரி எட்டு மணிக்கு என்ன வேகம் வருது?

பிராட்பேண்ட் விளம்பரத்துல போடுற வேகம், ஊரே வீட்டுல உக்காந்து படம் பாக்குற நேரத்துல வர்ற வேகமா இருக்கணும். இது பேராசை இல்லைங்க, நடைமுறையில சாத்தியம்தான். பிரிட்டன்ல பத்து சதவீத வாடிக்கையாளர்களுக்குக் கிடைச்சாலே ஒரு வேகத்தை விளம்பரம் பண்ணலாம்னு முன்னாடி இருந்துச்சு. 2018 மே மாசம் விதியை மாத்தினாங்க. ராத்திரி 8 மணியிலிருந்து 10 மணிக்குள்ள குறைஞ்சது பாதிப் பேருக்குக் கிடைக்கிற சராசரி வேகத்தைத்தான் இப்ப சொல்லணும். இந்தியாவுல 2023-ல பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்-லருந்து 2 எம்பிபிஎஸ் ஆக்கினாங்க. நல்லதுதான். ஆனா 100 எம்பிபிஎஸ்க்குக் காசு கட்டுறவருக்கு அந்த 2 என்ன பாதுகாப்பு தரும்?

"ஒரே ஃபைபரை முப்பது, அறுபது வீடு பகிர்ந்துக்குது, எல்லாருக்கும் எப்பவும் முழு வேகம் தந்தா கட்டணம் எகிறும்"னு நிறுவனங்கள் சொல்றது நியாயம்தான். பகிரட்டும். பகிர்ந்த பிறகு மிஞ்சுற வேகத்தைச் சொல்லி விக்கட்டும். "உங்க வைஃபைதான் பிரச்சினை"ங்கிறதுலயும் பாதி உண்மை இருக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் ரெண்டு சுவர் தாண்டினாலே தளர்ந்துடும். அதுக்குத்தான் ரவுட்டர்ல லேன் கேபிளைச் சொருகி அளக்கணும். அங்கயும் குறைஞ்சா, அது சுவரோட குத்தம் இல்லை.

பெட்ரோலை லிட்டர் கணக்குல அளந்து வாங்குற நாம, இணையத்தை மட்டும் ஏன் நம்பிக்கையில வாங்கணும்?