நிற்கும் கால்களுக்கு ஒரு செய்தி

தண்டலத்திலிருந்து கம்பெனி பேருந்தில் ஒரகடம் செல்லும் உங்களில் பலர் ஷிப்டு முழுவதும் நின்றே உழைக்கிறீர்கள். கால் வீங்கியிருப்பதை வீடு திரும்பி ஷூவைக் கழற்றும்போதே அறிகிறீர்கள்.

அசையாமல் நிற்கையில் இரத்தம் கால்களில் தேங்கும். கெண்டைக்கால் தசை அசையும்போதே அது இருதயத்தை நோக்கி மேலேறும். ஐந்து மணி நேர வேலைக்குள் அரைமணி இடைவேளை தரவேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அந்த அரைமணி முழுவதையும் கைபேசிக்குக் கொடுத்துவிடாதிருங்கள். சற்று நடவுங்கள், குதிகால்களை உயர்த்தித் தாழ்த்துங்கள், தோள் எங்கே இறுகியிருக்கிறது, மூச்சு எவ்வளவு ஆழம் செல்கிறது என்று கவனியுங்கள்.

சாவை விரும்பிச் சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்குக் கர்த்தர் முதலில் உறக்கத்தையும், அடையையும், தண்ணீரையும் அருளினார். அந்தப் பெலத்தினாலேயே அவன் ஓரேப்மட்டும் நடந்தான். உங்கள் சரீரம் சொல்லுவதற்குச் செவிகொடுங்கள், அதுவும் ஜெபமே.