தீசியோவிலிருந்து பிரேயஸ் வரை

ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றுக்குச் சற்றுத் தள்ளி தீசியோ ரயில் நிலையம். இங்கிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு 1869-இல் ரயில் விட்டார்கள். கிரேக்க நாட்டின் முதல் ரயில் பாதை அது. எட்டு கிலோமீட்டர் அளவுதான், கண்ணசருவதற்குள் கடல் வந்துவிடும். கண்ணசராதீர்கள். நகரத்தையும் துறைமுகத்தையும் இணைத்து ஏதென்ஸ்காரர்கள் எழுப்பிய நீண்ட சுவர்கள் இந்தத் தடத்தை ஒட்டித்தான் ஓடின.

பெட்ரலோனா, தவ்ரோஸ், கலிதேயா. ஜன்னலுக்கு வெளியே அடுக்குமாடி வீடுகள், பால்கனியில் காயும் துணிகள். கி.மு. 431-இல் ஸ்பார்ட்டாவின் படை அட்டிக்கா வயல்களை அழிக்க வந்தபோது, நாட்டுப்புறத்து ஜனங்கள் நகரத்துக்குள்ளும் இந்தச் சுவர்களுக்கு நடுவிலும் வந்து அடைந்தார்கள். ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸின் யோசனை அது: நிலம் போனால் போகட்டும், தானியம் கப்பலில் வரும். ஆடுமாடுகளை யூபியா தீவுக்கு அனுப்பிவிட்டு, வீட்டு மரவேலைகளைக்கூடப் பெயர்த்து எடுத்துவந்தார்கள் என்கிறார் அந்தப் போரின் வரலாற்றை எழுதிய துசிடிடீஸ். கதவைப் பெயர்த்தவன், திரும்பிப் போய் மாட்டலாம் என்றுதானே பெயர்த்திருப்பான்?

சுவர் ஸ்பார்ட்டாவைத் தடுத்தது. மறு வருஷம் பிரேயஸில் தொடங்கிய கொள்ளைநோயை அதனால் தடுக்க முடியவில்லை. கோடை வெயிலில், காற்றில்லாத குடிசைகளில் நெருக்கியடித்துக் கிடந்தவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். துசிடிடீஸுக்கும் நோய் கண்டது, பிழைத்தார். பெரிக்ளிஸ் 429-இல் போய்விட்டார். 1990-களில் மெட்ரோ வேலைக்காகக் கெராமெய்க்கோஸ் பழைய மயானத்தருகே தோண்டியபோது, அள்ளிப் போட்டதுபோல் பிணங்கள் கிடந்த ஒரு குழி அகப்பட்டது. அதிலிருந்த பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தியின் மண்டையோட்டை வைத்து முகம் வடித்திருக்கிறார்கள். மிர்ட்டிஸ் என்பது ஆய்வாளர்கள் வைத்த பெயர்.

மொஸ்காட்டோ தாண்டியதும் நெடுஞ்சாலையிடம் இடத்தைப் பறிகொடுத்த கிஃபிசோஸ் ஆறு. அப்புறம் ஃபாலிரோ. அடுத்தது பிரேயஸ், கடைசி நிலையம்.

அதே போரில் சிசிலிக்குப் போன ஏதென்ஸ் கடற்படையை வழியனுப்ப கி.மு. 415-இல் ஊரே திரண்டு வந்தது இந்தத் துறைமுகத்துக்குத்தான். அந்தப் படை திரும்பவில்லை. மிச்சமிருந்த கப்பல்களை 405-இல் ஈகோஸ்பொட்டாமியில் ஸ்பார்ட்டாவின் லைசாண்டர் வாரிக்கொண்டான். அவன் கடற்படைக்குச் சம்பளம் போட்டது பாரசீக இளவரசன் சைரஸ். பசி தாங்காமல் மறு வருஷம் ஏதென்ஸ் சரணடைந்தது. குழலூதும் பெண்கள் வாசிக்க வாசிக்கச் சுவர்களை இடித்தார்கள். கிரேக்கத்துக்கு அன்றுதான் விடுதலை பிறந்தது என்று நினைத்தார்களாம், வரலாற்றாசிரியர் செனோஃபோன் எழுதுகிறார். அந்த விடுதலையில் ஏதென்ஸ் கண்டது ஸ்பார்ட்டாவின் தயவில் வந்த முப்பது பேரின் கொடுங்கோல்.

ஈகோஸ்பொட்டாமியிலிருந்து ஒன்பது கப்பல்கள் தப்பின. தப்பியவர்களில் தளபதி கோனோனும் ஒருவன். அவன் பாரசீகக் கடற்படையோடு சேர்ந்து 394-இல் ஸ்பார்ட்டாவைக் கடலில் முறியடித்தான். மறு வருஷம் பாரசீகப் பணத்தோடு ஊர் திரும்பிச் சுவரை மறுபடி கட்டினான். கிரேக்கர்கள் தங்களுக்குள் வெட்டிக்கொண்டார்கள்; இரண்டு பக்கமும் படியளந்தது பாரசீகம்.

தீவுக்குப் போகும் கப்பலுக்கு நேரமிருந்தால் பிரைக்கி கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். துறைமுகத்தைச் சுற்றிக் கோனோன் கட்டிய மதிலின் அடிக்கற்கள் அலைக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன.