எடைக்கு வந்த ரம்பம்

பழைய இரும்புக் கடையில் ரம்பத்துக்கென்று தனி விலை கிடையாது. சைக்கிள் ரிம், பம்புசெட்டுக் குழாய், உடைந்த கொழு, எல்லாவற்றுக்கும் ஒரே தராசு. கைரம்பம் ஒன்று முக்கால் கிலோ நிற்கும். நூற்றுக்குள் காசு கொடுத்தால் கைக்கு வந்துவிடும். ஆனால் தராசில் ஏறுவதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: "அண்ணே, கொஞ்சம் வெளிச்சத்துல பாத்துக்கிறேன்."

கைப்பிடியைத் தாடையருகில் வைத்து, ஒரு கண்ணை மூடி, பல் வரிசை வழியே நுனிவரை நோட்டம் பார்க்க வேண்டும். பலகைக்கு நோட்டம் பார்ப்பது போலத்தான். தகடு நூல் பிடித்த மாதிரி ஓடினால் பாதி வேலை முடிந்தது. ஒரு பக்கமாக மெல்ல வளைந்திருந்தால் கையாலேயே எதிர்ப்பக்கம் வளைத்து நிமிர்த்திவிடலாம். குறிப்பிட்ட ஓர் இடத்தில் மடிந்து நெளிந்திருந்தால் கீழே வைத்துவிடுவேன். அந்த நெளிவை எடுக்கச் சுத்தியலும் பட்டறைக்கல்லும் மட்டும் போதாது, அதற்கென்றே பழகிய கை வேண்டும். அடுத்தது துரு. செம்பொடியாக மேலே படிந்த துரு ஒன்றும் செய்யாது. பல் ஓரத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருந்தால், அரம் போட்டு எத்தனை முறை கூர் தீட்டினாலும் ஏதாவது ஒரு பல்லின் முனை அந்தக் குழியில் வந்து நிற்கும். கூர் பிடிக்காது.

இந்த இரண்டும்தான் என்னால் சரிசெய்ய முடியாதவை. மழுங்கின பல், உடைந்த கைப்பிடி, தொலைந்த திருகாணி எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. புதிதாக வாங்க வருகிறவர்கள் பார்ப்பது நேர்மாறாக இருக்கிறது. கைப்பிடி பளபளப்பாக இருந்தால் சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கைப்பிடியா மரத்தை அறுக்கிறது?

எனக்கும் இது தெரிய நாளாயிற்று. திருவண்ணாமலை வேங்கிக்காலில் பட்டறை போட்ட புதிதில் துருவேறிய ஒரு ரம்பத்தைச் சாணைச் சக்கரத்தில் பிடித்துப் பளிச்சென்று ஆக்கினேன். தகட்டில் ஓரிடத்தில் நீலம் பாய்ந்தது. சூட்டில் எஃகின் பதம் போய்விட்டது. அந்த இடத்துப் பற்கள் இரண்டு பலகை அறுப்பதற்குள் படுத்துவிடும். அதைவிடப் பெரிய நஷ்டம், தகட்டின் நடுவில் அரிப்பு முத்திரையாக ஏதோ எழுத்து இருந்தது, அதையும் சேர்த்துத் தேய்த்துவிட்டேன். யார் செய்த ரம்பம் என்பது என் கையாலேயே அழிந்தது. இப்போது மண்ணெண்ணெய் தடவி ஒரு இரவு ஊறவிடுகிறேன். மறுநாள் மரக்கட்டையில் சுற்றிய நைஸ் உப்புத்தாளால், நீளவாக்கில் மட்டும் தேய்ப்பேன். கட்டையில் சுற்றியிருந்தால் தாள் மேட்டை மட்டும் தொடும், எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்காது. கறுத்த தகட்டில் ஒரு வளைவு, பிறகு ஒரு எழுத்து, பிறகு ஊர்ப்பெயர் என்று எழும்பி வரும் அந்த அரைமணி நேரம், கோயில் சுவரில் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து கல்வெட்டு வெளிப்படுவதைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

நம் பக்கம் கிடைப்பதில் பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்தவை. ஸ்பியர் அண்ட் ஜாக்சன் பெயர் அடிக்கடி வரும். அபூர்வமாக அமெரிக்க டிஸ்டன் கிடைக்கும். ஹென்றி டிஸ்டன் 1840இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய பட்டறை அது. கைப்பிடியில் பதித்த பித்தளை வில்லையைப் புளி போட்டுத் துலக்கினால் வயது தெரியும். 'டிஸ்டன் அண்ட் சன்' என்று ஒருமையில் இருந்தால் 1871க்கு முந்தியது, 'சன்ஸ்' என்றால் பிந்தியது. இன்னொரு மகன் தொழிலில் சேர்ந்தது ஒரு எழுத்தாக வில்லையில் ஏறியிருக்கிறது. 'வாரண்டட் சுப்பீரியர்' என்று மட்டும் வில்லையில் இருந்தால் மயங்க வேண்டாம். அது ஒரு கம்பெனியின் பெயரில்லை. பல கம்பெனிகள் கடைகளுக்காகச் செய்த இரண்டாம் தரத்தில் பதித்த பொதுவில்லை. அதிலும் நல்ல தகடு அமைவதுண்டு.

பழைய ஷெஃபீல்டுத் தகடுகளில் 'காஸ்ட் ஸ்டீல்' என்று குத்தியிருக்கும். மூசையில் உருக்கி வார்த்த எஃகு என்று பொருள். 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் ஷெஃபீல்டு பக்கம் அதைச் செய்யத் தொடங்கினார். மூசையில் எஃகு செய்யும் வித்தை நம் கொடுமணலில் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தது. நான் வியக்கிறது அதை மட்டுமல்ல. ஜோசையா மார்ஷல் ஹீத் என்று சென்னை மாகாணத்தில் இருந்த ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, வேலையை விட்டுவிட்டு 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். சேலத்து இரும்புக்கல்லை உருக்கியவர். பிறகு இங்கிலாந்து போய், வார்ப்பெஃகில் மாங்கனீசு சேர்த்தால் மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வரும் என்று 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு அதைப் பற்றிக்கொண்டது, எஃகு விலை இறங்கியது. ஆனால் முறையைக் கொஞ்சம் மாற்றிச் செய்து அவருக்குப் பணம் கொடுக்காமல் தப்பித்தார்கள். வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. தீர்ப்பைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1855இல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகவே சொன்னது. திருவண்ணாமலையை ஒட்டிய கவுத்திமலையிலும் வேடியப்பன்மலையிலும் இரும்புக்கல் கிடக்கிறது. அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு 'காஸ்ட் ஸ்டீல்' எழுத்தைத் துடைக்கும்போதெல்லாம் இந்த மனிதர் ஞாபகம் வருகிறார்.

என் தாத்தாவுக்குச் சீமை ரம்பம் பிடிக்காது. தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு, தன் பக்கம் இழுத்து அறுக்கிறவர் அவர். அவருடைய ரம்பத்தின் பல்லும் அவரைப் பார்த்தே சாய்ந்திருக்கும். இழுக்கும்போது தகடு தானாக நிமிர்ந்துகொள்ளும், அதனால் மெல்லிய தகடே போதும். தள்ளினால் நெளியும், அதனால்தான் சீமை ரம்பத்துக்கு அவ்வளவு அகலம். அந்த அகலத்தையும் நல்ல பட்டறைகள் புத்தியோடு செய்திருக்கிறார்கள். பல் ஓரம் தடிப்பாகவும் முதுகுப் பக்கம் மெலிந்தும் தகட்டைத் தேய்த்திருப்பார்கள். முதுகு அறுப்பில் சிக்காது. பல்லை அதிகம் விரிக்க வேண்டாம். விரிப்பு குறைந்தால் தூள் குறையும், கைவலியும் குறையும். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தகட்டின் இருபுறம் வைத்துப் பல்லிலிருந்து முதுகுவரை வருடினால் அந்த மெலிவு விரலுக்கே தெரியும். வில்லையில் என்ன பெயர் இருந்தாலும் நான் விலை தீர்மானிப்பது இந்த வருடலில்தான்.

இன்று கடையில் புதிதாக விற்கும் ரம்பங்களில் பல் முனை கருநீலமாக இருக்கும். மின்சூட்டில் கடினமாக்கியது. நன்றாகவே அறுக்கும், வெகுநாள் உழைக்கும். ஆனால் மழுங்கினால் அரம் வழுக்கும், தீட்ட முடியாது. நேரே எடைக்குத்தான். சைட்டுக்கு நானும் அதுதான் கொண்டுபோகிறேன். ஆனால் அதில் ஒரு பையனுக்கு அரம் போடக் கற்றுக்கொடுக்க முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே பழைய ரம்பம் ஒவ்வொரு பட்டறையிலும் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழன்று வந்த தூண், நிலை, பீங்கானுக்கு நடுவில் பழைய ஆயுதங்களும் வரும். விலை சுவரில் மாட்டுகிறவர்களுக்கானது. என்னைப் போன்றவனுக்கு இரும்புக் கடையும், தொழிலை விட்டுவிட்ட ஆசாரி வீடுகளும்தான்.

அப்படிப் போன வருஷம் செங்கம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா பரண் மேலிருந்து கோணிச்சாக்கோடு இறக்கினார். உளி நாலு, கைபிடித்துக் குழிந்த ஒரு இழைப்புளி, ஒரு ரம்பம். ரம்பத்தின் பல் வரிசை நடுவில் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. நுனியிலும் அடியிலும் பற்கள் புதிது போல இருந்தன. பார்த்ததும், "அவர் உக்காந்தே வேலை செஞ்சாராம்மா? இடம் ரொம்பச் சின்னதா?" என்று கேட்டேன். "திண்ணைதான் தம்பி பட்டறை. கையை நீட்டுனா தூண் இடிக்கும்" என்றார். முழு நீளம் இழுக்க இடமில்லாமல், நடுப்பல்லிலேயே முப்பது வருஷம் அறுத்திருக்கிறார் அந்த ஆசாரி.

அந்த அம்மா கேட்டதற்கு மேலேயே கொடுத்து வாங்கிவந்தேன். தட்டை அரத்தால் மேல்மட்டம் தட்டியதில் இரு முனைப் பற்களும் பாதியாகிப்போயின. பிறகு முப்பட்டை அரம், திரும்ப மட்டம், திரும்ப அரம் என்று மூன்று சுற்று. அடியில் குத்தியிருந்த எண் எட்டு. அங்குலத்துக்கு எட்டு முனை, அதாவது ஏழு பல். அந்தக் கணக்குக்குப் பற்களைத் திரும்பக் கொண்டுவர நாலு நாள் மாலை ஆயிற்று. கைப்பிடியின் மேல்கொம்பு முறிந்திருந்தது. பூவரசு வைத்து ஒட்டி அரத்தால் ராவிவிட்டேன். சைட்டில் மாறிப்போகாமல் இருக்க, அந்த ஆசாரி ஆணியால் புள்ளிபுள்ளியாகக் குத்திய 'மு' கைப்பிடியின் இடது கன்னத்தில் இருக்கிறது. அங்கே மட்டும் உப்புத்தாள் போடவில்லை.

நாளைக்கு ஒரு நிலைக்கு வேப்பம் பலகை வருகிறது. என் பையன்தான் அறுக்கப்போகிறான். அவனுக்குக் கை நீளம். திண்ணைத் தூண் இடிக்காத இடத்தில், நுனியிலிருந்து அடிவரை அந்த ரம்பம் முழுசாக ஓடட்டும்.