பங்கோர் தீவில் ஒரு பகல்

பள்ளி விடுமுறை என்றால் ஈப்போக்காரர்களாகிய நாம் கேமரன் மலைக்கோ பினாங்குக்கோ கிளம்பிவிடுகிறோம். பங்கோர் நினைவுக்கு வருவது மாசி மகத்துக்குத்தான். இம்முறை திருவிழா எதுவும் இல்லாத ஒரு வார நாளில் அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துப் போனோம். காரில் ஒன்றரை மணி நேரத்தில் லூமுட் படகுத்துறை வந்துவிடுகிறது.

அம்மா பால்மரம் சீவியவர். சுங்கை சிப்புட் பக்கம் அவர் இருந்த தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது, லயங்கள் இல்லை. அந்தக் காலத்தில் மாசி மகத்தன்று விடியுமுன் தோட்டத்து லாரியில் ஏறி வந்து பார்த்ததுதான் அவருக்குத் தெரிந்த கடல். படகு நகர்ந்ததும் அந்த லாரியில் உடன் வந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். இன்று யார் எங்கே இருக்கிறார்கள் என்று பாதிப் பேரைப் பற்றி அவருக்கே தெரியவில்லை. தீவு வந்தும் பட்டியல் முடியவில்லை.

பேராக்கின் கதையையே மாற்றிய கையெழுத்து விழுந்தது இந்தக் கடலில்தான். 1874 ஜனவரி 20, ‘புளூட்டோ’ கப்பலில் பங்கோர் ஒப்பந்தம். ராஜா அப்துல்லாவை சுல்தானாக ஏற்றுக்கொண்ட ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க், பதிலுக்கு பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஒருவரை உள்ளே கொண்டுவந்தார். சமயமும் மலாய் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். மூன்றே ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்டார்கள். பிறகு தோட்டங்கள், தோட்டங்களுக்கு நம் மக்கள்.

தேதியை மனப்பாடம் செய்திருந்த என் மகன், “அந்தக் கையெழுத்து இல்லன்னா நீங்க தோட்டத்துக்கே வந்திருக்க மாட்டீங்களா, பாட்டி?” என்றான்.

“எங்கப்பா கப்பலேறி பினாங்குல எறங்குனாரு. அதுதான்டா எனக்குத் தெரியும்” என்றார் அம்மா.

இறங்கியதும் இளஞ்சிவப்பு வேன் ஒன்றைப் பேசிக்கொண்டோம். தெலுக் கெடோங்கில் உள்ள டச்சுக் கோட்டை 1670இல் ஈயத்தைக் காக்கக் கட்டியது. இன்று நாம் பார்க்கும் சுவர்கள் 1973இல் சீரமைத்தவை. படம் எடுக்கலாம், அவ்வளவுதான். கடலைப் பார்த்து நிற்கும் பத்திரகாளியம்மன் கோயிலில்தான் நேரம் போனது. மாசி மகத்தன்று நிற்கக்கூட இடம் கிடைக்காத மணலில் அன்று எங்களைத் தவிர யாருமில்லை. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அலையில் கால் நனைத்தபடி வெகுநேரம் நின்றார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

தீவின் நடுவே இன்னமும் காடுதான். சாலை பெரும்பாலும் கரையோரமாகவே சுற்றுகிறது. மாலையில் தெலுக் நிப்பாவில் இருவாச்சிகள் இறங்கின. கறுப்பு வெள்ளை இறகு, மஞ்சள் அலகு. மின்கம்பியில் காக்கை உட்காருவதுபோல் அத்தனை சாதாரணமாக உட்கார்ந்தன. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஆண் ஒரு சிறு இடுக்கு வழியாகப் பழம் ஊட்டும். பெரிய பொந்துள்ள முதிய மரம் இல்லாவிட்டால் இந்தப் பறவைக்கு வீடு இல்லை. இதைச் சொன்னதும் அம்மா அண்ணாந்து மரங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

போகிறவர்கள் வார நாளில் போங்கள். குரங்குகள் கைப்பையைப் பிடுங்கும், கவனம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வையுங்கள். நெத்திலிக் கருவாட்டைத் திரும்பும்போது வாங்கினால் போதும். நாங்கள் இரண்டு கிலோ வாங்கினோம். ஒரு கிலோ, கெடாவில் இருக்கும் தன் பழைய தோட்டத்துத் தோழிக்கு என்று அம்மா தனியாகக் கட்டி வைத்திருக்கிறார்.