சோழவரத்தின் ஓடுதளமும் ஒரு பழுப்பு நோட்டும்

சோழவரம் என்ற பெயரைக் கேட்டதும் இன்றைய வாசகருக்கு நினைவில் எழுவது ஏரி. பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகியவற்றின் வரிசையில் அதன் நீர் இருப்பையும் நாளேடுகள் அச்சிடுகின்றன. ஆனால் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இளைஞர்களாக இருந்த ஒரு சாராருக்கு அதே பெயர் வேறொன்றைக் கொண்டுவரும். ஆமணக்கெண்ணெய் கலந்து எரிந்த புகையின் வாசனையும், காதை அடைக்கும் இரைச்சலும், பிப்ரவரி மாத வெயிலும்.

இரண்டாம் உலகப் போரின்போது சென்னைக்கு வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய அவ்வூரில் ஒரு விமான ஓடுதளம் போடப்பட்டது. போர் முடிந்தது, விமானங்கள் போயின, தளம் கிடந்தது. 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயம் நடத்தத் தொடங்கியது. நிலம் பாதுகாப்புத் துறையுடையது என்பதால் நிலையான கட்டடம் எதையும் எழுப்ப வழியில்லை. ஆண்டுதோறும் பந்தல் போட்டு, வைக்கோல் கட்டுகளை அடுக்கி, முடிந்ததும் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஏறக்குறைய ஒரு கோயில் திருவிழாவைப் போல. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தத் தடம் திறக்கப்பட்டபோது சோழவரத்தின் காலம் முடிந்துவிட்டிருந்தது. பந்தல் பிரிக்கப்பட்ட இடத்தில் எது மிஞ்சும்? அநேகமாக ஒன்றுமில்லை.

ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப்பற்றி எழுத எங்களுக்கு என்ன உரிமை என்று ஒருவர் கேட்கலாம். எங்கள் நண்பர் குழாமில் எவரும் பந்தயம் ஓட்டியவரல்லர். நால்வரில் இருவருக்கு இருசக்கர வண்டியே ஒழுங்காக ஓட்ட வராது. பழைய துண்டுப்பிரசுரங்கள், நாடக நோட்டீசுகள், ரயில்வே கால அட்டவணைகள் ஆகியவற்றைத் தேடிச் சேர்ப்பது எங்களுடைய வழக்கம். அப்படி ஒரு தேடலில்தான் சித்திரை வீதியில் வசிக்கும் ஒரு பெரியவரிடம் போய்ச் சேர்ந்தோம். பொன்மலைப் பணிமனையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எண்பதைக் கடந்துவிட்டது. அவரிடம் ரயில்வே காகிதங்கள் இருக்கும் என்று நம்பிப் போனோம். அவர் எடுத்துவைத்தது பழுப்பேறிய ஒரு நாற்பது பக்க நோட்டும், பிஸ்கட் டப்பா நிறையப் புகைப்படங்களும்.

பொன்மலை 1928 முதல் திருச்சிக்குக் கைவினைஞர்களைக் கொடுத்து வந்திருக்கிறது. ரயில் எஞ்சினின் உறுப்புகளை அளவு பிசகாமல் கடையும் கைக்கு ஒரு மோட்டார் சைக்கிளின் சிலிண்டர் பெரிய விஷயமில்லை. பணி முடிந்த மாலைகளில் பாலக்கரையில் ஒரு நண்பரின் பட்டறையில் இவர்கள் கூடினார்கள். ஒரு பழைய ஜாவா வண்டி. ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவது, போர்ட்டுகளை உரசி வழவழப்பாக்குவது, சைலன்சரைக் கழற்றிவிட்டுத் தகரத்தை உருட்டிப் பற்றவைத்துத் தாமே ஒரு புகைக்குழாய் செய்வது என்று மாதக்கணக்கில் வேலை நடக்கும். பந்தய வாரத்தில் வண்டியை மலைக்கோட்டை விரைவு வண்டியின் பிரேக் வேனில் ஏற்றிவிட்டு, தாங்கள் முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டு எழும்பூர் போவார்கள்.

அந்த நோட்டில் வண்டியின் நாடித்துடிப்பு முழுவதும் இருக்கிறது. தேதி, நேரம், வெயில், மெயின் ஜெட்டின் எண், பிளக்கின் நிறம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை வெளுத்திருக்கக் கூடாது, கறுத்தும் இருக்கக் கூடாது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, பிஸ்டன் உருகிவிடும். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வண்டி திணறும். நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது: 'காப்பிப்பொடி.' அதுதான் சரியான நிறம். காலை ஓட்டத்துக்கும் நண்பகல் ஓட்டத்துக்கும் ஜெட் எண் வேறுபடுவது ஏன் என்று கேட்டோம்.

"காத்து சூடாயிட்டா கனம் குறைஞ்சுடும் தம்பி. அப்ப பெட்ரோலையும் குறைச்சாத்தான் வண்டி இழுக்கும். புஸ்தகத்துல படிச்சதில்ல. ரெண்டு பிஸ்டன் போனப்புறம் தெரிஞ்சுது."

எங்கள் நண்பர்களில் ஒருவர் இந்த முயற்சியை முதலிலிருந்தே எதிர்த்தார். அவருடைய வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மோட்டார் பந்தயம் அன்று மன்னர் குடும்பத்தாரும் தொழிலதிபர் வீட்டுப் பிள்ளைகளும் ஆடிய ஆட்டம். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரையே சோழவரத்தில் ஓட்டினார். நாட்டில் ஒரு சாதாரணக் காருக்கே ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. செல்வந்தர்களின் பொழுதுபோக்கை ஏழைத் தமிழ் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் கேள்வி.

செல்வந்தர்களின் வரலாறு எப்படியும் பாதுகாப்பாக இருக்கும் என்பதே எங்கள் பதில். ஆங்கில நாளேடுகளின் விளையாட்டுப் பக்கங்களில் வெற்றி பெற்றவர்களின் பெயர்கள் இருக்கின்றன. கிளப்பை நிறுவியவர்களில் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன் கருண் சந்தோக் 2010-இல் ஃபார்முலா ஒன் வரை போனார். அதற்கு முன்பே, 2005-இல், கோவையின் நரேன் கார்த்திகேயன் அங்கே கால்வைத்த முதல் இந்தியரானார். கோவையைச் சேர்ந்த கரிவரதன் மாருதி எஞ்சினைக் கொண்டு உள்நாட்டிலேயே பந்தயக் கார்களைக் கட்டினார். 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்தபின் கோவைக்கு அருகில் எழுந்த தடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இவையெல்லாம் எழுதப்பட்டவை. ஹெட்டைச் சீவியவர் யார், புகைக்குழாயை உருட்டியவர் யார் என்பது எங்கும் எழுதப்படவில்லை. இறக்குமதிக்கு வழியில்லாத நாட்டில் இந்த ஆட்டம் நடந்ததே அந்தக் கைகளால்தான்.

இந்த இடத்தில் எங்கள் ஊரின் கோயிலொழுகு நினைவுக்கு வருகிறது. அரங்கன் கோயிலின் வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாகக் குறித்துவந்த நூல் அது. மன்னர்களின் கொடைகளைச் சொல்வதோடு அது நிற்பதில்லை. உடையவர் கோயில் பணியாளர்களைப் பத்துக் கொத்தாக வகுத்ததையும், எவருக்கு எந்தக் கைங்கர்யம் என்பதையும் அதே அக்கறையோடு சொல்கிறது. திருமேனிக்கு அருகில் நிற்பவரும் தொலைவில் நின்று வேலை செய்பவரும் ஒரே ஏட்டில் இடம்பெறுகிறார்கள். பந்தயத்தைக் கோயிலோடு ஒப்பிடுவதாக எவரும் முகம் சுளிக்க வேண்டாம். ஏடு எழுதும் முறையைத்தான் சொல்கிறோம்.

இங்கிலாந்தில் புரூக்லேண்ட்ஸ் என்று ஒரு தடம் இருந்தது. 1907-இல் திறந்து 1939-இல், போர் வந்ததும், பந்தயத்தை நிறுத்திக்கொண்டது. அங்கே இன்று அருங்காட்சியகம் இருக்கிறது. சாய்வான பழைய தடத்தின் பகுதிகளையும் காத்துவருகிறார்கள். சோழவரத்தைப் போலவே போர்க்கால விமானத் தளமாகப் பிறந்த சில்வர்ஸ்டோன் 1948-இல் பந்தயத் தடமாகி இன்றும் உலகப் புகழோடு ஓடுகிறது. நமக்கு அப்படியெல்லாம் ஆசைப்பட வக்கில்லை. 2024-இல் சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார்கள் பறந்தபோது அதைக் குறித்து எத்தனையோ எழுதினார்கள். எங்கள் கண்ணில் பட்டவற்றில் சோழவரத்தை நினைவுகூர்ந்தவை மிகச் சில.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்தார். 1994-இல் அவர் பெயரால் சென்னையில் நூலகம் எழுந்தபோது அந்தத் துண்டுக் காகிதங்களும் ஆவணமாயின. எங்கள் நம்பிக்கை அந்த வழியில் செல்வது. பட்டறை நண்பரின் வீட்டிலும் இதேபோல் ஒரு டிரங்குப் பெட்டி இருந்ததாம். அவர் மறைந்தபின் வீட்டை விற்றபோது அது எடைக்குப் போய்விட்டது என்று அறிந்தோம். பழைய பேப்பர் கடைக்காரர் பெட்டியை மட்டும் வைத்திருந்தார். அதில் இப்போது நட்டும் போல்ட்டும் கிடக்கின்றன.

ஆகவே பெரியவரிடம் அவசரம் காட்டுகிறோம். கண் அழுத்த நோயால் அவருடைய பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது. நோட்டைப் படியெடுத்தாகிவிட்டது, அதிலுள்ள பட்டறைச் சொற்களை அவர் சொல்லச் சொல்ல ஒலிப்பதிவும் செய்துவிட்டோம். புகைப்படங்கள்தாம் பெரும்பாடு. மொத்தம் 43. ஞாயிறு காலைகளில் வாசல் திண்ணையில், வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில், உருப்பெருக்கியை அவர் கையில் கொடுத்து ஒவ்வொரு முகமாகக் கேட்கிறோம். ஒரு காலைக்கு மூன்று படங்களுக்கு மேல் அவரால் முடிவதில்லை. சில முகங்களைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும். மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எங்களைப் பார்ப்பார், நாங்கள் நோட்டை மூடிவிடுவோம்.

சென்ற வாரத்துப் படத்தில் ஒரு பையன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறான். பதினாறு வயது இருக்கலாம். செருப்பில்லை. கை முழுக்கக் கரி. பெரியவர் வெகுநேரம் பார்த்தார்.

"துறையூர்ப் பையன். நல்ல கை. பேரு நாக்கு நுனியில இருக்கு தம்பி, வரமாட்டேங்குது."

படத்தின் பின்புறம் பென்சிலால் 'துறையூர்' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் இடம் விட்டுவைத்திருக்கிறோம்.